தமிழ்ப் புத்தக வண்டி கடைசியில் நின்ற கதை

தம்பி,

ஓராண்டுக்கு மேலாகத் தமிழ்ப் புத்தகங்களை வாசகர் கைக்குப் போகவிடாமல் ஒரு நூலகத்தின் பின்னறையில் நிறுத்திவைத்தோம். பிறகு, தமிழ்ப் புத்தகங்களை எடுப்பார் இல்லை என்று சொல்லி அலமாரிகளைக் குறைத்தார்கள். அந்தப் புத்தகங்களை நிறுத்திவைத்த கைகளில் இரண்டு என்னுடையவை. அப்படிச் செய்யுங்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்யுங்கள் என்றார்கள். நன்றாகச் செய்கிறவருக்கு நட்சத்திரம் என்றார்கள். அந்த நட்சத்திரம் மூன்று முறை எனக்குக் கிடைத்தது.

இதை உன்னிடம் நேரில் சொல்லாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை. புதிய பொறுப்பு கிடைத்த செய்தியைச் சொல்ல ஈசூனில் உள்ள என் வீட்டுக்கு வந்தாய். தனியாக வாழும் முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்து வரும் பணியாளர்கள் உங்கள் அமைப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வேலையை எப்படி அளப்பது, எப்படி ஊக்குவிப்பது என்று வகுப்பது இனி உன் வேலை என்றாய். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. மறுநாள் கீழே காப்பிக் கடையில் தேநீர் வாங்கும்போது கேட்காதவர்களிடமும் சொன்னேன். என் மகன் அரசாங்க வேலையில் இருக்கிறான் என்பதைவிட, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை அவன் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்வதுதான் எனக்கு இனித்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினாய். பணியாளர்களின் பெயர்கள், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு நாளைக்கு எத்தனை வீடு போனார்கள் என்பதுதான் நிறம். அலுவலகச் சுவரில் பெரிய திரையில் எல்லாரும் பார்க்கும்படி இது ஓடும், அடுத்த மாதம் இயக்குநரின் ஒப்புதலுக்குப் போகிறது என்றாய்.

"இந்தச் சிவப்புப் பேரு யாருப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு அக்காதாம்மா. ஆங் மோ கியோ பக்கம் பார்க்குறாங்க. ஒரு நாளைக்கு நாலு வீடுதான் முடிக்கிறாங்க. மத்தவங்க ஒம்போது."

"அந்த நாலு வீட்டுல யாரு இருக்கா?"

"அது டேட்டால இல்லம்மா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ விடவில்லை. "அம்மா, நீங்க பார்த்தது புத்தகம் அடுக்குற வேலை, இது டிஃபரண்ட்" என்றாய். அதையாவது பொறுத்துக்கொண்டேன். பிறகு கைப்பேசியில் தேடி ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினாய். நூலக ஊழியர் அறைச் சுவரில், 'இம்மாத நட்சத்திரம்' என்ற எழுத்துக்குக் கீழே என் முகம். "நீங்களே ஸ்டார் வாங்கியிருக்கீங்கல்ல. எவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. இதுக்குப் பேருதான் மோட்டிவேஷன்." நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அந்த நட்சத்திரம் எப்படி வந்தது என்பதை இத்தனை வருடமாக உனக்கு நான் சொல்லவே இல்லை. என் பொய்யான பெருமையை நீ உண்மையென்று நம்பி அதன்மேல் ஒரு திட்டம் கட்டுகிறாய். அந்தக் குற்றம் என்னுடையது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பேன். தமிழை ஒழுங்காகப் படித்ததே அந்த நூலகத்தில் அடுக்க வந்த புத்தகங்களைப் புரட்டித்தான். எந்தக் கிளை என்று எழுதப்போவதில்லை. அங்கே இப்போது வேறு ஆட்கள், வேறு முறை. திருப்பிக் கொடுக்கப்பட்ட புத்தகங்களை மொழிவாரியாக, பொருள்வாரியாக வண்டிகளில் நிரப்பிப் பின்னறையில் நிறுத்துவார்கள். நாங்கள் எட்டுப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அலமாரியில் அதனதன் இடத்தில் வைப்போம். என் மேற்பார்வையாளர் குணா, நம் ஆள்தான், நல்ல மனிதர், ஒருநாள் பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். யார் அன்றைக்கு எத்தனை புத்தகம் வைத்தார்கள் என்று எழுதுவார், அடியில் இருப்பவர்களைச் சிவப்பு மையில். மாதக் கடைசியில் முதலாவதாக வந்தவர் படம் சுவரில் ஏறும்; அடுத்த மாத விடுப்பு நாள்களை அவர்தான் முதலில் தேர்ந்தெடுக்கலாம். தீபாவளிக்கு முதல் நாள் விடுப்பு கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று முறை வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சிறுவர் படப் புத்தக வண்டி ஐந்து நிமிட வேலை. மேல்தட்டில் கொட்டினாலும் சரியாகத்தான் இருக்கும். ஆங்கில நாவல் வண்டியும் ஓடிவிடும். தமிழ் வண்டி அப்படி இல்லை. இடம் காட்டும் ஒட்டுத்தாளில் உள்ள எழுத்துகள் பல புத்தகங்களுக்கு ஒன்றேபோல் இருக்கும். முதுகில் இருக்கும் பெயரைப் படித்துப் பார்த்தால்தான் இடம் தெரியும். தமிழ் தெரியாதவர்களுக்கு அரை நாள். தமிழ் தெரிந்த எனக்கே, மற்ற வண்டி மூன்றை முடிக்கிற நேரம். பலகை வந்த இரண்டாவது வாரத்திலிருந்து அந்த வண்டியை யாரும் தொடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் எட்டு ஜோடிக் கைகளும் வேறு வண்டிகளைப் பிடித்தன, அவ்வளவுதான். நானும் பிடித்தேன். தமிழ் வண்டி நிரம்பி வழிந்து வழியை மறைக்கும்போது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குணா யாரையாவது அதட்டித் தள்ளச் சொல்வார். எட்டுப் பேரில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பலகையில் முதலிடத்தில் இருந்ததும் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வம் என்று ஒருவர் வருவார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், கப்பல் பட்டறையில் வேலை. மதியம் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நாலு மணிக்கு நூலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். உறுப்பினர் அட்டை இல்லாததால் அங்கேயே படிப்பார். மூன்று பாகமுள்ள ஒரு நீண்ட சரித்திரக் கதையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாகத்தை நான்கு மாத ஞாயிறுகளில் முடித்தார். மூன்றாம் பாகத்தைத் தேடினார். கணினித் திரை, புத்தகம் அலமாரியில் இருப்பதாகச் சொன்னது. யாரோ திருப்பிக் கொடுத்த நொடியே இயந்திரம் அப்படிக் காட்டிவிடும். அலமாரியில் அது இல்லை. என்னிடம் வந்து கேட்டார். "யாராவது மாத்தி வச்சிருப்பாங்க தம்பி. அடுத்த வாரம் பாருங்க" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தெரியும். இருபது அடி நடந்து பின்னறைக்குப் போய் அந்த வண்டியைக் கிளறினால் கிடைக்கும். கிளறப் பத்து நிமிடம் ஆகும், பத்து நிமிடத்தில் நாற்பது படப் புத்தகம் வைக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு அவர் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். "அக்கா, வேலை பெர்மிட் முடிஞ்சுது. நாளைக்கு ஊருக்குப் போறேன். அந்த மூணாம் பாகம் வந்துச்சா?"

"இன்னும் காணோம் தம்பி."

"பரவால்லக்கா. கடைசில யாரு ஜெயிச்சான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க படிச்சிருப்பீங்கல்ல."

நான் படித்திருக்கவில்லை. அதையும் சொல்லக் கூச்சப்பட்டு, "ராஜாதான் ஜெயிப்பாரு, வேற யாரு" என்றேன். அவர் சிரித்து, "அது எனக்கே தெரியுமேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். போன பிறகு பின்னறைக்குப் போனேன். வண்டியின் நடுத்தட்டில் நான்காவது புத்தகம். தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினேன். தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எல்லாரும் அவரைப் போலவே இருந்தார்கள். அந்த மாதமும் நட்சத்திரம் எனக்குத்தான். நீ கைப்பேசியில் வைத்திருப்பது அந்த மாதத்துப் படம்.

ஆண்டு முடிவில் ஓர் இளம் அதிகாரி புத்தகப் புழக்கத்தைப் பார்க்க வந்தார். பணிவான பெண், என்னையும் மேடம் என்றுதான் கூப்பிட்டார். அவர் கையிலிருந்த தாளில் தமிழ்ப் புத்தகங்கள் முந்தைய ஆண்டைவிட மிகக் குறைவாகவே வெளியே போயிருந்தன. அவர் கணக்கில் பிழை இல்லை. பின்னறையில் கிடக்கும் புத்தகத்தை யார் எடுப்பார்கள்? ஏழு தமிழ் அலமாரிகள் நான்காயின. காலியான இடத்தில் கைப்பேசிக்கு மின்னேற்றும் மேசை வந்தது. நானே அந்தப் பழைய அலமாரிகளின் பெயர்ப் பலகையைக் கழற்றினேன். அன்றைக்குத்தான் குணாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், தமிழ்ப் புக்கு போகலன்னு எழுதிட்டாங்க. நாம அதை வெளியவே வைக்கலையே."

"மூணு மாசம் டாப்ல இருந்தது நீங்கதானேக்கா. அப்பல்லாம் சொல்லலையே."

"அப்ப தப்பு பண்ணேன். இப்ப சொல்றேன்."

"என்கிட்ட மேல நம்பர்தான் கேக்குறாங்க. வண்டிக் கதை யாரும் கேக்குறதில்ல. நான் என்னத்தக்கா செய்ய?"

அவரைத் திட்டி இதை எழுதவில்லை. அவருக்கு மேலேயும் ஒரு பலகை இருந்திருக்கும், அதில் அவர் பெயரும் இருந்திருக்கும். ஆனால் நான் பிடிவாதக்காரி என்று உன் அப்பாவே ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார், அதைப் பொய்யாக்க எனக்கு மனமில்லை. மறுநாள் காலையிலிருந்து கதவு திறந்ததும் முதலில் தமிழ் வண்டியைத்தான் பிடித்தேன். அது முடிந்த பிறகுதான் மற்றது. முதல் வாரத்திலேயே என் பெயர் பலகையின் அடியில் போய்ச் சிவப்பில் நின்றது. "அக்கா, உங்க பேரு ரெட்ல நிக்குது, பார்க்கவே சங்கடமா இருக்கு" என்றார் குணா. "அழியுற மைதானே சார், சங்கடமா இருந்தா அழிச்சிடுங்க" என்றேன். அவர் அழிக்கவில்லை. நானும் மாறவில்லை.

லிலியை உனக்கு நினைவிருக்கும், எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி, சீனப் புத்தாண்டுக்கு நம் வீட்டுக்கு ஆரஞ்சு கொண்டு வருவாளே, அவள். நாங்கள் பேசிக்கொண்டது பாதி மலாய், பாதி உடைந்த ஆங்கிலம். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். "உனக்குப் பைத்தியமா லா? அந்த வண்டிய தள்ளுனா நம்பர் எங்க வரும்?" என்று முதல் மாதம் முழுக்கக் கேலி செய்தாள். நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒரு ஞாயிறு அவளுக்கும் வேலை முறை வந்தது. சாயங்காலம் தமிழ் அலமாரிகளுக்கு நடுவே தரையில் பதினைந்து, இருபது பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி போதவில்லை. நானும் லிலியும் வண்டியோடு வருவதைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து வழிவிட்டார்கள். ஒருவர் வண்டியிலிருந்தே ஒரு புத்தகத்தைக் காட்டி, எடுக்கலாமா என்று லிலியிடம் சைகையில் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "தேங்க்யூ ஆன்ட்டி" என்றார். பின்னறைக்கு வந்ததும் லிலி கேட்டாள்.

"அவங்க எல்லாம் இந்த வண்டிக்காகவா வர்றாங்க?"

"ஆமா. வாரத்துல அந்த ஒரு நாள்தான்."

"பதினோரு வருஷம் வேலை பார்க்குறேன். எனக்கு யாருமே சொல்லல."

திங்கட்கிழமை காலை அவள் வந்து என் வண்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். "பாதி எனக்குக் குடு." தமிழ் எழுத்துகளைப் படமாகவே மனத்தில் வைத்துக்கொண்டாள். 'இ' உட்கார்ந்திருக்கிற பூனை, 'ஜ' இறால், 'ஞ' நண்டு. "ஏய், இந்தப் பூனைக்குப் பக்கத்துல என்ன வரும்?" என்று அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள், வாசகர்கள் சிரிப்பார்கள். ஆறு மாதத்தில் என்னைவிட ஒரு வண்டி பின்னால்தான் இருந்தாள். பலகையில் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் அடியில் சிவப்பாக நின்றன. எனக்குத் துணை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே பணிவான அதிகாரி வந்தார், தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், ஓர் அலமாரி திரும்ப வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. அந்த இரண்டுக்காக இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஓய்வு பெறும்வரை ஆறு ஆண்டுகள், ஒருமுறைகூட என் படம் சுவரில் ஏறவில்லை. அந்த ஆறு ஆண்டுகளை நினைத்துத்தான் நான் நிமிர்ந்து நடக்கிறேன், தம்பி. அதற்கு முந்தைய மூன்று நட்சத்திரங்களை நினைத்து அல்ல.

எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. எண்ணாமல் இந்த ஊர் ஒரு நாள் ஓடாது. ரயில் எத்தனை மணிக்கு வரும், குழாயில் தண்ணீர் எவ்வளவு வரும் என்று யாரோ எண்ணிக்கொண்டிருப்பதால்தான் எழுபது வயதில் நான் கவலையில்லாமல் தூங்குகிறேன். அந்த யாரோக்களில் என் மகனும் ஒருவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் வேலைக்காரர் சோம்பேறி என்று எண்ணி ஒரு முறையை வகுத்தால், அவர் அந்த முறையை ஏய்க்கக் கற்றுக்கொள்வார். எங்களில் யாரும் சோம்பேறி இல்லை. பலகை மாட்டிய பிறகு நாங்கள் முன்பைவிட வேகமாக ஓடினோம். யாருக்காக ஓடுகிறோம் என்பதுதான் மறந்துபோனது. லிலியை மாற்றியது என் பிடிவாதமும் இல்லை, சுவரில் ஏறும் படமும் இல்லை. அவள் கையிலிருந்து ஒருவர் இரண்டு கையால் ஒரு புத்தகம் வாங்கினார். அது பதினோரு ஆண்டு தாமதமாக நடந்தது.

உனக்கு இது தெரியாததும் இல்லை. பெருந்தொற்று ஆண்டில் வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதி ஒன்றுக்கு உன்னைப் பணிக்கு அனுப்பினார்கள். உணவுப் பொட்டலம் எத்தனை வந்தது, எத்தனை கொடுத்தோம் என்று குறிப்பதுதான் உனக்குக் கொடுத்த வேலை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, சிராங்கூன் ரோட்ல ஊறுகா பாக்கெட் மொத்தமா எங்க கிடைக்கும்? இவங்க சாப்பாட்ட அப்படியே வச்சிட்டுத் தூங்கிடுறாங்கம்மா. வாய்க்கு ஒண்ணுமே பிடிக்கல." பொட்டலங்கள் எல்லாம் கொடுக்கப்பட்டுவிட்டன என்று உன் தாள் சொல்லியிருக்கும். நீ குப்பைத் தொட்டியைப் பார்த்தாய். கடைகள் பாதி மூடிக் கிடந்த நேரத்தில் யார் யாரையோ பிடித்து, மூன்று பெட்டி எலுமிச்சை ஊறுகாயை விடுதி வாசலில் இறக்கினாய். அதற்கு உனக்கு எந்தப் பச்சை நிறமும் கிடைக்கவில்லை. அன்றைக்கு உன்னை யாரும் ஊக்குவிக்கவும் இல்லை. சாப்பிடாமல் இருந்தவனின் முகத்தைப் பார்த்தாய், போதுமாக இருந்தது. நான் பெற்ற பிள்ளை இப்படிப்பட்டவன் என்று அன்று தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவன் மற்றவர்களுக்கு வகுக்கிற முறையில் முகமே இல்லாமல் நிறத்தை மட்டும் வைப்பது எனக்குப் புரியவில்லை. உன்னை இழுக்கத் தேவைப்படாத கயிறு அவர்களுக்கு எதற்கு?

என் பயம் இதுதான். ஒன்பது வீடு முடிக்க வேண்டிய ஆள், கதவைத் திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கும் கிழவியின் வீட்டுக்குக் கடைசியில்தான் போவார். பேச ஆள் கிடைத்தால் விடாதவர் வீட்டைத் தள்ளிப்போடுவார். தன் மொழி பேசாதவர் வீட்டு மணியை ஒருமுறை அடித்துவிட்டு, ஆள் இல்லை என்று எழுதுவார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, நானும் கெட்டவளாக இருக்கவில்லை. வண்டியில் நின்றது காகிதம். இங்கே கதவுக்கு உள்ளே மனிதர் காத்திருப்பார். ஆண்டு முடிவில் ஒரு பணிவான அதிகாரி வந்து, இந்த வட்டாரத்தில் பார்க்க வேண்டிய முதியவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சரியான கணக்கோடு எழுதுவார்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பட்டியல் இயக்குநரிடம் போவதற்கு முன், சிவப்புப் பெயருள்ள அந்த அக்காவோடு நீ ஒரு முழு நாள் நடக்க வேண்டும். நான்கு வீட்டுக்கும் போக வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல், உள்ளே இருப்பவர் யார், அவரோடு அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். சுவரில் மாட்டவிருக்கும் திரையை நீ நிறுத்த வேண்டும். யாருடைய குறையையும் கூட்டத்தில் காட்டித் திருத்தியவர் யாரும் இல்லை. குணாவின் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் குழுத் தலைவர்கள், "இந்த எண் பொய் சொல்கிறது" என்று மேலே எழுத வேண்டும், அப்படி எழுதியவருக்கு மதிப்பெண் குறையாது என்று உன் இயக்குநர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனை வீடு முடிந்தது என்று கேட்கும் ஒவ்வொரு கூட்டத்திலும், எந்த வீடு கடைசியாக விடப்பட்டது என்று இயக்குநரே கேட்க வேண்டும். புதிதாகச் சேரும் பணியாளர்களை முதல் வாரமே, தாங்கள் யாருக்காக வேலை செய்கிறார்களோ அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்க அனுப்ப வேண்டும். இதற்குப் பதினோரு ஆண்டு காக்க வைக்கக் கூடாது. பணியாளர்களும் ஒன்று செய்ய வேண்டும். எல்லாரும் தள்ளிப்போடும் வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும். காலையில் முதலில் அங்கே போக வேண்டும், நிறம் மாறினால் மாறட்டும். இவற்றில் எதையாவது நீ செய்யாமல் விட்டால், அதை நான் செய்வேன். உன் இயக்குநருக்குக் கடிதம் எழுதுவேன். எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது, தமிழில்தான் எழுதுவேன். உங்கள் அலுவலகத்தில் அதைப் படித்து, ஒரு வரி விடாமல் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவன் நீ.

அம்மா